எண்களுக்கு உருவம் தந்த மாணவி

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. ஆயினும், எழுத்தைக் கற்றவருள்ளும் எண்ணைக் கண்டு அஞ்சுவோர் மிகப் பலர். அறிக்கைகளில் நிரல்நிரலாக நிற்கும் புள்ளிவிவரங்கள் யாருடைய வாழ்வைப் பற்றிக் கூறுகின்றனவோ, அவர்களுக்கே அவை விளங்குவதில்லை. இக்குறையைப் போக்குவதையே நோக்கமாகக் கொண்டு வியன்னா நகரில் ஒரு சித்திரக் கூடம் இயங்கியது. அங்கு வந்த மாணவி ஒருவர் கற்றவை, கரும்பலகையின் முன் நிற்கும் ஒவ்வோர் ஆசிரியரும் அறியத்தக்கவை.

வியன்னாவின் அழைப்பு

முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தபோது, வியன்னாவில் வீடில்லாக் கொடுமையும் காச நோயும் மலிந்திருந்தன. நகராண்மைக் கழகம் தொழிலாளர்க்கென வீடுகள் கட்ட முற்பட்டது. 1934-க்குள் கட்டி முடிக்கப்பட்டவை 60,000-க்கும் மேற்பட்டவை. இப்பணியின் பொருளை மக்களுக்கு விளக்க முன்வந்தவர் பொருளியல் அறிஞர் ஓட்டோ நொய்ராத்.

ஜெர்மனியில் கணிதமும் இயற்பியலும் பயின்ற மரீ ரைடெமைஸ்டர் 1924-இல் வியன்னாவுக்கு வந்தார். ஓவியப் பயிற்சியும் பெற்றிருந்த அவர், நொய்ராத்தின் விளக்கப் படங்களைக் கண்டு ஈர்க்கப்பட்டார். எண்ணறிவும் வரைகலையும் ஓரிடத்தில் கூடும் தொழில் அது. 1925-இல் சமூக பொருளாதாரக் காட்சிச்சாலை தொடங்கப்பெற்றபோது அவரும் அதில் பணியேற்றார்.

அவர் கற்ற பாடங்கள்

முதற்பாடம், யாருக்காகச் செய்கிறோம் என்பதை மறவாமை. அக்கூடத்தில் புள்ளிவிவர அறிஞர் ஒருபுறமும் ஓவியர் மறுபுறமும் இருந்தனர். இருவருக்கும் இடையே நின்றவர் ‘உருமாற்றுநர்’. அறிஞர் தரும் செய்திகளுள் எது மக்களுக்கு வேண்டும், எதனை விட்டுவிடலாம், எதனை எதனோடு ஒப்பிட வேண்டும் என முடிவு செய்வது அவர் கடமை. சுருங்கக் கூறின், அவர் பொதுமக்களின் பிரதிநிதி. மரீ ஏற்ற பணி இதுவே.

இரண்டாம் பாடம், நேர்மையான அளவு. ஒரு தொகை இருமடங்காயிற்று என்று காட்ட, ஒரு மனித உருவத்தின் உயரத்தை இருமடங்காக்கினால் அகலமும் இருமடங்காகும். அதனால் உருவத்தின் பரப்பு நான்கு மடங்காகிப் பார்ப்பவரை ஏமாற்றும். ஆகவே, பெரிய தொகைக்குப் பெரிய உருவம் வரையாமல், ஒரே அளவுடைய உருவங்களை மிகுதியாக வரைவது அக்கூடத்தின் விதியாயிற்று. ஓர் உருவம் 1,000 பேரைக் குறித்தால் 3,000 பேருக்கு மூன்று உருவங்கள். எண்ணத் தெரிந்த சிறுவனுக்கும் ஐயம் எழாது. இம்முறையில் நுண்ணிய பின்னங்கள் மறையும் என்பது உண்மையே. எனினும், துல்லியமான எண்ணை மறப்பதினும் தோராயமான படத்தை நினைவிற் கொள்வது மேல் என்பது நொய்ராத்தின் கருத்து.

மூன்றாம் பாடம், வேண்டாத அணியை விலக்குதல். ஒரு நிறமோ கோடோ பொருள் தரவில்லையெனில் அதற்குப் படத்தில் இடமில்லை. கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்னும் ஓவியர் வரைந்த குறிகள் இவ்வெளிமைக்குச் சான்றாகும்.

நாடு கடந்த பணி

1934-இல் ஆஸ்திரியாவில் மக்களாட்சி வீழவே, இக்குழுவினர் ஹாலந்தின் ஹேக் நகருக்குச் சென்றனர். அங்கேதான் இம்முறைக்கு ‘ஐசோடைப்’ என்னும் பெயரை மரீ சூட்டினார். 1940 மே மாதத்தில் ஹிட்லரின் படை ஹாலந்திற் புகுந்தபோது, நொய்ராத்தும் மரீயும் ஒரு சிறு உயிர்காப்புப் படகில் இங்கிலாந்துக்குத் தப்பினர். அங்கே இருவரும் தடுத்து வைக்கப்பட்டு, விடுதலைக்குப்பின் 1941-இல் மணம் புரிந்தனர். மறு ஆண்டில் ஐசோடைப் நிலையத்தை நிறுவினர். 1945-இல் நொய்ராத் மறைந்தார். பணி நிற்கவில்லை.

1950-களில் மேற்கு நைஜீரிய அரசு கல்வி, சுகாதாரம், வேளாண்மை ஆகியவற்றை மக்களுக்கு விளக்க மரீயை நாடியது. ஐரோப்பிய வீட்டையும் உடையையும் காட்டும் குறிகள் அங்குப் பயன்படா என்று கண்ட அவர், அந்நாட்டு மக்களின் வாழ்வுக்கேற்பக் குறிகளை மாற்றியமைத்தார். முதற்பாடத்தை அவர் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மறந்திலர் என்பதற்கு இதுவே சான்று. 1971-இல் தம் நிலையத்தின் ஆவணங்களை ரெடிங் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்த அவர், 1986-இல் காலமானார்.

ஆசிரியரும் உருமாற்றுநரே

பாடநூலுக்கும் பிள்ளைக்கும் இடையே நிற்கும் ஆசிரியரின் பணியும் இத்தகையதே. வகுப்பில் மாணவர் வரவை விளக்கப் படமாக வரையும்போது, ஒரே அளவுள்ள உருவங்களைக் கிடைவரிசையில் அடுக்குக. வரிசைக்கு ஒரு மாதம் என வகுக்க. பிள்ளைகளையே எண்ணச் செய்க. எண்களைப் படிக்கக் கற்ற பிள்ளை, நாளை தன் ஊரைப் பற்றிய அறிக்கையைப் பிறர் துணையின்றித் தானே படித்துக் கேள்வி கேட்கும். அழகான படம் கண்ணைக் கவரும். நேர்மையான படமோ கேள்வி கேட்கும் துணிவைத் தரும்.