முட்டி ஜவ்வுக் கிழிசலும் எம்.ஆர்.ஐ. அறிக்கையும்

முட்டிக்குள், தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள் உள்ளன. மருத்துவர்கள் மெனிஸ்கஸ் என்பதையே மக்கள் பொதுவாக ஜவ்வு என்கிறார்கள். காலை ஊன்றியபடி உடலைத் திருப்பினால் இது கிழியலாம். வயதானால் தானாகவும் நையும். எக்ஸ்-ரேயில் கிழிசல் தெரியாது என்பதால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதித் தரப்படுகிறது.

அறிக்கையில் கிரேடு 1, 2 என்றிருந்தால் அது ஜவ்வின் உள்மாற்றம் மட்டுமே. மேற்பரப்பை எட்டும் கிரேடு 3 தான் கிழிசல். அந்தக் கிழிசல்தான் வலிக்குக் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமில் 50 முதல் 90 வயதுவரை உள்ளவர்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், கிழிசல் இருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டி வலியே இருக்கவில்லை. 2013இல் வெளியான பின்லாந்து ஆய்விலோ, தேய்மானக் கிழிசலை வெட்டி எடுத்தவர்களும் பெயரளவு அறுவை மட்டும் செய்யப்பட்டவர்களும் ஓராண்டில் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறியிருந்தனர். ஆகவே முட்டியைத் தொட்டு மடக்கிப் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்து மருத்துவர் அறுவைக்கு நாள் குறித்தால், நடுவயதுக்காரர் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதே நல்லது. பெரும்பாலும் இயன்முறைப் பயிற்சிதான் முதல் சிகிச்சை. முட்டி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, இளம் வயதில் விளையாட்டில் அடிபட்டுக் கிழிந்தாலோ கதை வேறு. தைத்துச் சேர்க்கும் வாய்ப்பு தாமதத்தால் கைநழுவலாம்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு அபாயம் இல்லை; ஆபத்து காந்தத்தில்தான். பேஸ்மேக்கர், காதில் பொருத்திய கருவி, மூளை ரத்தக்குழாய்க் கிளிப் உள்ளவர்களும், கண்ணில் இரும்புத்தூள் பட்டிருக்கக்கூடிய வெல்டிங், லேத் தொழிலாளர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும். 2018இல் மும்பை மருத்துவமனை ஒன்றில், ஆக்சிஜன் சிலிண்டருடன் ஸ்கேன் அறைக்குள் போன நோயாளியின் உறவினர் காந்தத்தால் இழுக்கப்பட்டு இறந்தார். துணைக்கு வருபவருக்கும் அதே எச்சரிக்கை உண்டு.

நோயாளிக்குச் சட்ட உரிமைகளும் உண்டு. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டு விதி. சோதனைக்குத் தந்த ஒப்புதல், அவசர நிலை தவிர, அறுவைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் பெற்ற சேவையில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு இந்த வழி பொருந்தாது. மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரை மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். எதற்கும் படம், அறிக்கை, ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.