முதுகுத் தசையால் மீளும் மார்பகம்

முதுகு சுமை தாங்குவதற்கென்றே அமைந்தது என நாம் எண்ணுகிறோம். மார்புப் புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கோ, அவளது முதுகே அதனை ஈடு செய்யவும் வல்லதாகிறது. இச்சிகிச்சையின் வரலாற்றையும் தன்மையையும் நம் சங்க அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

இத்தாலி நாட்டின் பவியா நகரில் பணியாற்றிய இஜினியோ தான்ஸினி என்னும் அறுவை மருத்துவர், முதுகின் அகன்ற தசையையும் அதன் மேலுள்ள தோலையும் ஒருசேர முன்கொணர்ந்து, மார்பகம் அகற்றிய புண்ணை மூடும் முறையை 1906-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆனால் அக்காலத்தில் செல்வாக்கு மிக்கிருந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் இத்தகைய முறைகளை ஏற்கவில்லை. ஆகவே அது பல்லாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1970-களின் பிற்பகுதியில்தான் மருத்துவர்கள் அதனை மீட்டெடுத்து, மார்பகத்தைப் புதிதாய் அமைக்கப் பயன்படுத்தலாயினர்.

இம்முறையில் தசையை உடலினின்று அறவே பிரிப்பதில்லை. அக்குளிலிருந்து அதற்கு இரத்தம் கொணரும் குழாயை அறுக்காது, தோலின் கீழே வழி செய்து, தசையை மார்புக்குத் திருப்புகின்றனர். வேர் அறாத கொடியை மறு பந்தலில் படர விடுவதற்கு இதனை ஒப்பிடலாம். தசை மட்டும் போதாதபோது, அதனடியில் சிலிக்கோன் பை வைப்பதும் உண்டு. கதிர்ச் சிகிச்சையால் நலிந்த மார்புக்கு, நல்ல இரத்த ஓட்டமுள்ள இத்தசை பெரிதும் உதவுகிறது.

எனினும் இதற்கும் விலை உண்டு. முதுகில் தழும்பு நிற்கும். சில வாரங்கள் அங்கே நீர் கோத்துக்கொள்ளலாம். புதிய மார்பகத்தில் பழைய உணர்ச்சி பெரும்பாலும் இராது. கையைப் பின்னும் கீழுமாக வலித்து இழுப்பது இத்தசையின் தொழில். அன்றாட வேலைகளுக்குப் பெரும்பாலோர்க்கு இடையூறில்லை. ஆயினும் வன்மையாக இழுக்கும் வேலையில் தளர்ச்சி தோன்றக்கூடும். தறியிலும் வயலிலும் உழைக்கும் பெண்கள் தம் தொழில் இன்னதென்று மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். வயிற்றுத் திசுவைக் கொண்டு செய்யும் முறையும் உண்டு. உள்ளாடையில் வைக்கும் செயற்கை மார்பகமே போதும் என்பாரும், எதுவும் வேண்டாம் என்பாரும் உளர். இதனை முடிவு செய்யும் உரிமை அப்பெண்ணுக்கே உரியது.

இச்சிகிச்சை நோயைத் தீர்ப்பதன்று. இழந்த உருவை மீட்பதேயாகும். கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டறிந்தால், பலருக்கு அதனை மட்டும் அகற்றி மார்பகத்தைக் காக்க இயலும். ஆதலின் மார்பில் கட்டி தென்பட்டால், நாணத்தால் மறைத்து நாள் கடத்தாமல் உடனே மருத்துவரை அணுகுமாறு நம் சகோதரிகளை வேண்டுகிறோம்.