மரம் கல்லான மர்மம்!
செஞ்சி ஆற்றங்கரையில் 2 கோடி ஆண்டு சாட்சி

(நமது நிருபர்)

அவலூர்பேட்டை:

"கல்லில் என்னய்யா அதிசயம்?" என்று கேட்பார் அவலூர்பேட்டைக்காரர். அவர் கேட்பதும் நியாயம்தான். கண் விழித்தால் குன்று. சித்தகிரி முருகனைக் கும்பிடப் போனாலும் பாறை. பஸ் ஏறி செஞ்சிக்குப் போனால் கோட்டையே கல்!

ஆனால் செஞ்சி வட்டார மலைகளில் பிறந்து கிழக்கே ஓடும் சங்கராபரணி ஆற்றின் போக்கிலேயே போனால், பிறவியில் கல்லாக இல்லாத கல் கிடக்கிறது. ஒரு காலத்தில் அது மரம்!

இதுபற்றிய விவரம் வருமாறு:–

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோவிலால் பேர்பெற்ற ஊர். பவுர்ணமிக்குக் கூட்டம் அலைமோதும். அந்தக் கோவிலுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் தேசிய கல்மரப் பூங்கா. சுமார் 247 ஏக்கர். 3 மீட்டர் முதல் 15 மீட்டர் நீளம் வரை மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. கோடாலி போட்டால் கோடாலிதான் உடையும். அத்தனையும் கல்!

அசுரன் எலும்பா?

அம்மன் கையால் மாண்ட அசுரர்களின் எலும்புகள் இவை என்பது ஊர்க்கதை. 1781–ல் இந்தப் பக்கம் வந்த பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் சொன்னெரா என்பவர் இவற்றைப் பார்த்து முதன்முதலில் எழுதி வைத்தார். பிறகு பலர் வந்தார்கள். லட்சுமணபுரி என்கிற லக்னோவில் தொல்தாவர ஆராய்ச்சிக் கூடம் நிறுவிய பேராசிரியர் பீர்பால் சாஹ்னி 1931–ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் திருவக்கரை மரமும் இடம்பெற்றது. 1940–ல் பூங்கா ஏற்பட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைப் பராமரிக்கிறது.

துப்பு துலங்கியது

இவர்கள் கையில் இருந்தது ஒரு சுத்தியல், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு திசைகாட்டி, ஒரு நோட்டுப்புத்தகம். அவ்வளவுதான். கொலை நடந்த இடத்தில் போலீசார் துப்பு தேடுவதுபோல் இவர்களும் தேடினார்கள்.

முதல் துப்பு: மரத்துக்குக் கிளை இல்லை. இலை இல்லை. வேரும் இல்லை. நிற்க வேண்டிய மரம் படுத்துக் கிடக்கிறது. ஆக, இங்கே வளர்ந்த மரம் அல்ல. எங்கோ வளர்ந்து, பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்திருக்கிறது.

இரண்டாவது துப்பு: கல்லைக் காகிதத்தைவிட மெல்லிய வில்லையாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். மரத்தின் நுண்ணிய நார்க் குழாய்கள் அப்படியே தெரிந்தன! புளி, புன்னை, ஆமணக்கு ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்கள் இருப்பது தெரியவந்தது. நம்ம ஊர்ப் புளிய மரத்தின் பழைய பங்காளிகள்!

வயது சுமார் 2 கோடி ஆண்டு. அப்போது மனிதனே பிறக்கவில்லை.

தண்ணீர் செய்த வேலை

மரம் எப்படிக் கல்லாகும்? மணலில் புதைந்த மரத்துக்குக் காற்று கிடைக்காது. சீக்கிரம் மக்காது. மணலில் உள்ள சிலிக்கா நிலத்தடி நீரில் துளித்துளியாகக் கரைந்து மரத்துக்குள் ஊறும். மரச்சத்து போகப் போக, அந்த இடத்தில் சிலிக்கா உட்காரும். கடைசியில் மரத்தின் உருவம் மட்டும் மிஞ்சும். உடம்பு கல்லாகிவிடும்.

செஞ்சி மலையில் தேடினால் இது கிடைக்காது. அந்தப் பாறை பூமிக்கு அடியில் உருகிய குழம்பு இறுகி உண்டானது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. குழம்பில் மரம் தங்காது. மணல் படிந்த இடத்தில்தான் தங்கும்.

"ஒரே ஒரு துண்டுதானே!"

இங்கேதான் ஆபத்து. பூங்காவுக்கு வேலி இருக்கிறது. வேலிக்கு வெளியே வயலிலும் ஓடையிலும் கிடக்கும் துண்டுக்குக் காவல் ஏது? சுற்றிலும் கல் குவாரிகள் வேறு. "ஒரே ஒரு துண்டுதானே, ஷோகேசில் வைக்கலாம்" என்று பையில் போடுகிறவர்களும் உண்டு.

துண்டு போனால் கல் மட்டுமா போகிறது? அது எங்கே கிடந்தது, எந்தத் திசையில் கிடந்தது, எந்த மண்ணில் கிடந்தது என்பதுதான் சாட்சி. இடம் மாறிய கல் வாய் பேசாது. வெள்ளம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யார் சொல்வது? 2 கோடி ஆண்டு தப்பித்த சாட்சி, 2 நிமிடத்தில் ஊமையாகிவிடும்!

எனவே, வயலில் மரம்போல் கோடு ஓடிய கல் கிடைத்தால் கிளறாதீர்கள். கிடந்தது கிடந்தபடி ஒரு போட்டோ எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு பூங்கா அலுவலர்களிடம் சொல்லுங்கள்.

திண்டிவனம், மயிலம் வழியாகப் புதுச்சேரி போகிறவர்கள் ஒருநாள் திருவக்கரைக்குத் திரும்பலாம். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்மரத்தையும் பார்க்கலாம். பார்த்துட்டு வாங்க. எடுத்துட்டு வராதீங்க!