பாஸ்டன் மாரத்தான்: ஒரு சாலை கற்றுத்தரும் பாடங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு விடுமுறை. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன், கான்கார்ட் ஆகிய ஊர்களில் பிரிட்டிஷ் படைக்கு எதிராக நடந்த முதல் சண்டைகளின் நினைவாக அதைத் 'தேசபக்தர்கள் தினம்' என்று கொண்டாடுகிறார்கள். அன்று காலை ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் பல ஆயிரம் பேர் கூடுவார்கள். அங்கிருந்து 42.195 கி.மீ. ஓடி, பாஸ்டன் நகரின் பாயில்ஸ்டன் தெருவில் முடிப்பார்கள். ஆண்டுதோறும் நடக்கும் மாரத்தான் ஓட்டங்களில் உலகிலேயே மிகப் பழமையானது இதுதான்.

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு நடத்தும் எனக்கு இந்தப் பந்தயத்தின் மேல் ஆர்வம் வந்ததற்குக் காரணம் வேகம், தூரம், காலம் என்ற பாடம்தான். பாடப்புத்தகத்து ரயிலுக்கும் பேருந்துக்கும் பதிலாக, உண்மையில் ஓடிய மனிதர்களின் எண்களைக் கொடுக்கலாமே என்று தேடினேன். தேடியதில் கணக்கு மட்டுமல்லாமல் வேறு சிலவும் கிடைத்தன. அவற்றைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தொடக்கம்

1896-இல் ஏதென்ஸ் நகரில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தது. அதில் இடம்பெற்ற மாரத்தான் ஓட்டத்தில் கிரேக்க நாட்டின் ஸ்பிரிடான் லூயிஸ் வென்றார். அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பாஸ்டன் தடகளச் சங்கத்தினர் தங்கள் ஊரிலும் இப்படி ஒன்றை நடத்த விரும்பினார்கள். மறு ஆண்டே, 1897 ஏப்ரல் 19 அன்று, ஆஷ்லண்ட் என்ற ஊரில் 15 பேர் வரிசையில் நின்றார்கள். ஏதென்ஸில் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்ற டாம் பர்க்தான் அன்றைக்குத் தொடங்கி வைத்தவர். மண் சாலையில் காலால் ஒரு கோடு கிழித்து, 'ஓடுங்கள்' என்று குரல் கொடுத்தார். நம் பள்ளி மைதானத்தில் நாம் செய்வதும் இதைத்தானே!

நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் மெக்டெர்மட் 2 மணி 55 நிமிடம் 10 விநாடியில் ஓடி வென்றார். அன்றைய தூரம் சுமார் 39.4 கி.மீ. மட்டுமே. 42.195 கி.மீ. என்ற அளவு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. 1921-இல் உலகத் தடகளக் கூட்டமைப்பு அதையே நிலையான அளவாக ஏற்றது. அதற்கு ஏற்ப 1924-இல் பாஸ்டன் பந்தயத்தின் தொடக்க இடம் ஹாப்கின்டனுக்கு மாறியது.

வேகமாக ஓடியும் உலகச் சாதனை இல்லை

2011-இல் கென்யாவின் ஜெஃப்ரி முத்தாய் இந்தப் பாதையை 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் கடந்தார். அப்போதைய உலகச் சாதனையைவிட இது 57 விநாடி குறைவு. ஆனாலும் அது உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. ஏன் என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் 'ஏமாத்திட்டாரா?' என்றுதான் கேட்பார்கள். அவர் ஏமாற்றவில்லை. காரணம் பாதையில் இருக்கிறது.

சாதனைக்குரிய பாதை ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்குக்கு மேல் இறங்கக் கூடாது என்பது விதி. அப்படியானால் 42.195 கி.மீ. ஓட்டத்தில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே ஏறத்தாழ 42 மீட்டர் இறக்கம்தான் இருக்கலாம். பாஸ்டனில் இருப்பது சுமார் 140 மீட்டர். மேலும், தொடக்க இடத்துக்கும் முடிவிடத்துக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தூரம் பந்தயத் தூரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. பாஸ்டன் பாதையோ பெரும்பாலும் ஒரே திசையில், மேற்கிலிருந்து கிழக்காகச் செல்கிறது. காற்று முதுகுப் பக்கமிருந்து வீசினால் எல்லாருக்கும் லாபம். முத்தாய் ஓடிய அன்று அப்படித்தான் வீசியது. சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிகிற பாதையில் அந்த லாபம் திரும்பும்போது கழிந்துவிடும். இடப்பெயர்ச்சிக்கும் தூரத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

சாலையோரத்தில் நின்ற பெண்கள்

பாதையின் நடுவில் வெல்லெஸ்லி என்ற ஊர் வருகிறது. அங்கே ஒரு பெண்கள் கல்லூரி. 1897-இன் முதல் பந்தயத்திலிருந்தே அக்கல்லூரி மாணவிகள் சாலையோரம் நின்று ஓடுபவர்களை உற்சாகப்படுத்துகிறார்கள். ஆனால், பெண்கள் அதே சாலையில் இறங்கி முறைப்படி ஓட 75 ஆண்டுகள் ஆயின.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்த பெண்கள் களைத்துச் சரிந்ததாகப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. நடுத்தூர ஓட்டத்தை முடித்த ஆண்களும் தரையில் சாய்வது உண்டு. அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. பெண்களின் 800 மீட்டர் மட்டும் நீக்கப்பட்டது. 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 1966-இல் பாபி கிப் என்ற இளம்பெண் பாஸ்டன் பந்தயத்துக்கு விண்ணப்பிக்கக் கடிதம் எழுதினார். பெண்களின் உடல் அவ்வளவு தூரம் ஓடத் தகுதியற்றது என்று பதில் வந்தது. அவர் சகோதரனின் அரைக்கால் சட்டையும் தலையை மூடும் மேலுடையும் அணிந்து, தொடக்க இடத்துக்கு அருகே புதரில் மறைந்து நின்றார். கூட்டம் ஓடத் தொடங்கியதும் நடுவில் சேர்ந்துகொண்டார். அவர் பெண் என்று தெரிந்ததும் உடன் ஓடிய ஆண்கள் ஆதரவாகவே இருந்தார்கள். 3 மணி 21 நிமிடம் 40 விநாடியில் முடித்தார். ஓடியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

மறு ஆண்டு காத்ரின் சுவிட்சர் என்ற கல்லூரி மாணவி 'கே.வி. சுவிட்சர்' என்று கையெழுத்திட்டு, 261 என்ற எண்ணை முறைப்படி பெற்றே ஓடினார். ஓட்டத்தின் தொடக்க மைல்களிலேயே பந்தய அதிகாரி ஜாக் செம்பிள் ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்து, எண் அட்டையைக் கிழிக்க முயன்றார். உடன் ஓடிய நண்பர் அதிகாரியைத் தள்ளிவிட்டார். பத்திரிகையாளர் எடுத்த அந்தப் படங்கள் உலகெங்கும் பரவின. சுவிட்சர் நிற்காமல் ஓடி முடித்தார். பின்னாளில் செம்பிளும் அவரும் நண்பர்கள் ஆனார்கள் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

1972-இல் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டார்கள். எட்டுப் பேர் ஓடினார்கள், எட்டுப் பேரும் முடித்தார்கள். நீனா குஸ்ஸிக் முதலிடம் பெற்றார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2017-இல் தம் 70-ஆவது வயதில் சுவிட்சர் மீண்டும் பாஸ்டனில் ஓடினார். அணிந்திருந்த எண் அதே 261.

சக்கர நாற்காலியில் வந்தவர்

1975-இல் பாப் ஹால் என்பவர் சக்கர நாற்காலியில் பங்கேற்க அனுமதி கேட்டார். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். 2 மணி 58 நிமிடத்தில் முடித்தார். பிறகு சக்கர நாற்காலிப் பிரிவு பந்தயத்தின் நிலையான பகுதியானது. நம் வகுப்பின் மாற்றுத்திறன் மாணவரை விளையாட்டுப் பாடவேளையில் பைகளுக்குக் காவல் வைக்கும் முன் இந்தச் செய்தியை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

2013 ஏப்ரல் 15 அன்று முடிவிடத்துக்கு அருகே குண்டுகள் வெடித்து 3 பேர் இறந்தார்கள். பலர் கை கால் இழந்தார்கள். மறு ஆண்டு முன்னிலும் பெரிய கூட்டத்தோடு பந்தயம் நடந்தது. 1897-இலிருந்து இன்றுவரை ஓட்டம் முற்றிலும் நின்றுபோனது கொரோனா பரவிய 2020-இல் மட்டும்தான். 1918-இல் போர்க் காலம் என்பதால் ராணுவத்தினரின் தொடர் ஓட்டமாக நடத்தினார்கள்.

ஒரு மாணவியின் கேள்வி

எட்டாம் வகுப்பில் பாபி கிப்புக்கு வந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "பொம்பளைங்களால முடியாதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது டீச்சர்? யாரையாவது ஓடவிட்டுப் பார்த்தாங்களா?"

இது அறிவியல் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி. பல பெண்களை ஓடவிட்டுப் பார்த்து அந்த முடிவுக்கு வந்திருந்தால் அது சோதனை. ஓடவே விடாமல், 'இதுவரை எந்தப் பெண்ணும் ஓடியதில்லை, ஆகவே முடியாது' என்பது சோதனை ஆகாது.

இந்தக் கேள்வி நம் மைதானத்துக்கும் பொருந்தும். ஐந்தாம் வகுப்பு வரை பையன்களை முந்தி ஓடும் பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவதை நாம் எல்லாரும் பார்க்கிறோம். 'வயசுக்கு வந்த பிள்ளை, ஓட வேண்டாம் டீச்சர்' என்று அம்மாக்கள் சொல்வது அக்கறையினால்தான். அதோடு மோதாமல், மாதவிடாய் நாள்களில் முடிகிற அளவுக்கு ஓடலாம், முடியாவிட்டால் உட்காரலாம், முடிவு பிள்ளையுடையது என்று பெற்றோர் கூட்டத்தில் விளக்குகிறேன். துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொள்ள ஊக்குகளும், கழிவறையில் தண்ணீரும் இருந்தாலே பாதித் தயக்கம் போய்விடுகிறது.

வகுப்பில் செய்யக்கூடியவை

முதலாவது, மெக்டெர்மட், கிப், முத்தாய் மூவரின் சராசரி வேகத்தையும் கணக்கிடச் சொல்லலாம். மணிக்கு முறையே சுமார் 13.5, 12.6, 20.6 கி.மீ. வரும். கிப்பின் வேகம் முதல் வெற்றியாளரின் வேகத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாவது, கடிதப் பயிற்சி. கிப்புக்கு வந்த மறுப்புக்கு ஒரு பதில் எழுதச் சொல்லுங்கள். கோபமாக அல்ல, காரணம் காட்டி.

மூன்றாவது மைதானத்தில். சுவிட்சர் ஓடிய காலத்தில் அமெரிக்காவில் பெண்களின் சாலை ஓட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்சத் தூரம் ஒன்றரை மைல், அதாவது சுமார் 2.4 கி.மீ. நம் மைதானத்தின் 200 மீட்டர் வட்டத்தில் 12 சுற்று. உடற்கல்வி ஆசிரியரின் துணையோடு, வாரம் ஒரு சுற்றாகக் கூட்டி, பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் பழக்கலாம். வெயிலுக்கு முன் காலை நேரம் நல்லது. சாப்பிடாமல் வந்த பிள்ளையை ஓடவிட வேண்டாம். இளைப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களைப் பெற்றோரிடம் கேட்டு முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். யார் முதலில் வந்தார் என்று எழுத வேண்டாம், யார் எத்தனை சுற்று ஓடினார் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டை அவர்களே பராமரிக்கட்டும். சில வாரங்கள் கழித்து, தன்னால் எவ்வளவு முடியும் என்று ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் அந்த நோட்டையே புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.