வரைபடத்தில் நம் தெரு எங்கே?

கட்டடக்கலை என்றால் என்ன என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம், மதுரை திருமலை நாயக்கர் அரண்மனை என்று அடுக்குவார்கள். திராவிடப் பாணி, நாகர பாணி, இந்தோ-சாரசெனிக் பாணி என்று பிரித்தும் சொல்வார்கள். தேர்வுக்கு அது போதும். 'உங்கள் தெருவும் கட்டடக்கலைதான்' என்று நாம் சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள். 'காலனி வீட்டில் என்ன கலை இருக்கிறது?' என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காகத்தான் மனிதன் முதலில் கூரை போட்டான். ஆனால் கட்டடத்தின் வேலை அதோடு முடிந்துவிடவில்லை. யார் உள்ளே வரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும், யார் தெருவுக்குள்ளேயே வரக் கூடாது என்பதையும் கட்டடம் வாய் திறக்காமல் சொல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் கல்விதான்.

கல்வெட்டில் சேரி

தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டு முடிக்கப்பட்டது. 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்த விமானம் தமிழர் அனைவருக்கும் பெருமை. அதே கோயிலின் சுவர்களில் முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று அவை கணக்குச் சொல்கின்றன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள் ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு ஆகியவையும் அந்தப் பட்டியலில் வருகின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அந்தக் கல்வெட்டுகளில் உண்டு.

இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ஊர் குடியிருக்கும் நத்தம் தனியாக இருந்திருக்கிறது. பறையர் குடியிருந்த சேரி தனியாக இருந்திருக்கிறது. கல்லும் மரமும் இரும்பும் இழைத்த கம்மாளருக்கும் தனிச் சேரிதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊரின் வரைபடம் போடப்பட்டுவிட்டது. நம்மில் பலர் இன்றும் அதே வரைபடத்துக்குள்தான் பிறக்கிறோம்.

முன்வாசலும் கொல்லைப்புறமும்

செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றுலாப் பயணிகள் வியந்து பார்க்கிறார்கள். முகப்புத் திண்ணை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று நீளும் அழகான அமைப்பு அது. வெயிலைத் தணிக்கும் முற்றமும் மழைநீரைச் சேர்க்கும் தாழ்வாரமும் பாராட்ட வேண்டியவையே. வழிப்போக்கர் இளைப்பாறத் திண்ணை வைத்தார்கள் என்று பெருமையாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். செட்டிநாடு என்றில்லை, எந்த ஊரின் பழைய திண்ணையைப் பார்த்தாலும் நமக்குத் தோன்றும் கேள்வி ஒன்று உண்டு. அந்த வழிப்போக்கர்களில் நம் தாத்தா இருந்தாரா? வயலில் அறுத்துக் கட்டிய நெல்லைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கிய நம் அப்பத்தா, கொல்லைப்புறத்தில் நின்று முந்தானையில் கூலி வாங்கினாரே தவிர, முன்வாசல் படி ஏறியதில்லை.

சேரியில் இருந்ததோ மண்சுவரும் கீற்றுக்கூரையும். குனிந்துதான் நுழைய வேண்டும். கூரை எதனால் வேய்ந்தது என்பது சில நேரம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒதுங்கியது ஒரு சிறு குடிசைக்குள். தீ வைத்தவர்களுக்கு அந்தக் கூரையே வசதியாகப் போயிற்று.

பிறகு அரசின் தொகுப்பு வீடுகள் வந்தன. 1985-இல் தொடங்கிய இந்திரா வீட்டு வசதித் திட்டம் முதலில் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்குமாகவே வந்தது. தலைக்கு மேல் காங்கிரீட் கூரை வந்தது சிறிய மாற்றமல்ல. ஆனால் அந்த வீடுகள் பெரும்பாலும் பழைய சேரிக்குப் பக்கத்திலோ அதற்கும் அப்பாலோதான் எழுந்தன. கூரை மாறியது, இடம் மாறவில்லை. அளவையும் பாருங்கள். அன்று குறைந்தபட்சம் 20 சதுர மீட்டர் என்றார்கள். 2016-இல் வந்த பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் அதை 25 சதுர மீட்டராக்கியது. ஏறத்தாழ 270 சதுர அடி. ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளை எந்த மூலையில் உட்கார்ந்து படிப்பாள்? படிப்பில் கவனம் இல்லை என்று அவளைக் குறை சொல்வதற்கு முன் அந்த வீட்டை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

சுவர் பேசும் மொழி

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுந்த சுவர், தலித் குடியிருப்பை ஊரிலிருந்து பிரித்து நின்றது. 19 ஆண்டுகள் சுற்றி நடந்தார்கள் நம் மக்கள். இடதுசாரி இயக்கங்களும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் போராடிய பிறகு, 2008 மே 6 அன்று அரசு நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. இடிக்கப்பட்டது சில அடிகள்தான். ஆனால் சுவரை இடிக்க முடியும் என்பதை நாடே பார்த்தது.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் நடூரில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. 2019 டிசம்பர் 2 விடிகாலை, கனமழையில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் சரிந்து, ஒட்டியிருந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 தலித் மக்கள் இறந்தார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் அடக்கம். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அங்குள்ள மக்கள் சொன்னார்கள். ஒரு வீட்டுக்கு அவ்வளவு உயரச் சுவர் எதற்கு என்ற கேள்வியை, சுவர் எழும்பும்போதே கேட்டிருக்க வேண்டும்.

மாற்றிக் கட்டியவர்கள்

வரைபடத்தை மாற்றிப் போடவும் முடியும். 1997-இல் தமிழக அரசு அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் 100 வீடுகளில் 40 தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. மற்றவை பிற வகுப்பினருக்கு. சாதிக்கு ஒரு தெரு கிடையாது. முதல் சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் எழுந்தது. வீடுகள் கலந்த அளவுக்கு மனங்கள் கலந்தனவா என்று கேட்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதைச் சாதி முடிவு செய்யாத ஒரு தெருவை அரசு நினைத்தால் கட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி.

அண்ணல் அம்பேத்கர் பம்பாய் தாதரில் 1930-களில் தனக்குக் கட்டிய 'ராஜகிருகம்' வீட்டில், நூலகத்துக்கென்றே பெரிய இடம் ஒதுக்கினார். பள்ளியில் கோணிப்பையில் தனியாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளை, வளர்ந்த பிறகு புத்தகங்களுக்காக வீடு கட்டினார். 1956 அக்டோபர் 14 அன்று அவர் பௌத்தம் தழுவிய நாக்பூர் தீட்சாபூமியில் இன்று ஒரு பெரிய தூபி நிற்கிறது. சாஞ்சி தூபியை ஒத்த வடிவம். ஒரு வேறுபாடு உண்டு. சாஞ்சி தூபி உள்ளே கெட்டியானது, சுற்றி வரலாமே தவிர நுழைய முடியாது. தீட்சாபூமித் தூபியின் உள்ளே பெரும் கூடம். நான்கு திசையிலும் வாசல். யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் ஊரின் வரைபடத்தை வரையுங்கள். பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, அங்கன்வாடி, குடிநீர்த் தொட்டி, நூலகம், சமுதாயக் கூடம், சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொன்றும் நம் தெருவிலிருந்து எத்தனை அடி தூரம் என்று நடந்து அளந்து எழுதுங்கள். எங்கே ஒன்றுக்கு இரண்டாகத் தொட்டியும் சுடுகாடும் இருக்கின்றன என்று பாருங்கள்.

அந்தத் தாளைப் பெரியவர்கள் அடுத்த கிராம சபைக்கு எடுத்துச் செல்லட்டும். இனி கட்டும் எந்தப் பொதுக் கட்டடமும் எல்லாரும் வந்துபோகும் பொது இடத்தில் வர வேண்டும் என்று தீர்மானம் கேட்கட்டும். கட்டி முடித்த பிறகு மனு கொடுப்பதைவிட, அஸ்திவாரம் தோண்டும் முன் கேட்பது எளிது.

சூளையில் செங்கல் அறுப்பவர்களிலும், சித்தாளாகக் கலவை சுமப்பவர்களிலும், கொத்தனாராகச் சாரத்தில் ஏறுபவர்களிலும் நம் மக்கள் ஏராளம். ஊரைக் கட்டுகிற கைகள் நம்முடையவை. அந்த ஊரின் வரைபடம் போடும்போதும் நாம் பக்கத்தில் இருக்க வேண்டும்.