அலங்கார பயனெட்டின் வயதை அறிவது எப்படி?

நகைக்கடனுக்கு வரும் வளையலை உரைகல்லில் உரசிப் பாராமல் நாம் ஏற்பதில்லை. பழம்பொருள்களில் சேமிப்பை முதலிடுவோருக்கும் இதுவே விதி. சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் ஜெர்மானிய அலங்கார பயனெட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியே பயனெட். போருக்கான பயனெட்டை அரசு வழங்கியது. அலங்கார பயனெட்டையோ, ஓய்வு நேரத்தில் ஊருக்குள் செல்கையில் சீருடையுடன் அணிவதற்காக வீரர்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்கினர்.

இனங்காணல்

அலங்கார பயனெட்டின் அலகு பளபளக்கும் முலாம் பூசப்பட்டது, கூர் தீட்டப்படாதது. பெரும்பாலும் 20 அல்லது 25 செ.மீ. நீளமுடையது. கைப்பிடியின் கறுப்புத் தகடுகளில் கட்டம் கட்டமாகச் செதுக்கல் இருக்கும்.

காலத்தைக் கணித்தல்

முதலில், அலகின் அடிப்பகுதியில் உள்ள தயாரிப்பாளர் முத்திரையைக் காண்க. இவற்றின் தாயகமான சோலிங்கன் நகரில் ஐக்ஹார்ன் நிறுவனம் அணிலையும், டபிள்யூ.கே.சி. நிறுவனம் அரசன், வீரன் ஆகியோரின் தலைகளையும் முத்திரையாகக் கொண்டிருந்தன. முத்திரையின் வடிவம் காலந்தோறும் மாறியதால், அதுவே சிறந்த சான்று.

அடுத்து முலாம். நிக்கல் சற்றே மஞ்சள் சாயலும், குரோமியம் நீலச் சாயலும் காட்டும். குரோமிய முலாம் வணிக முறையில் பரவியது 1920களில்தான். எனவே, குரோமிய அலகைக் காட்டி, "1914இல் வாங்கியது" என ஒருவர் கூறினால், முலாம் பிற்காலத்தில் பூசப்பட்டிருக்க வேண்டும். அல்லது கதை பொய்யாக இருக்க வேண்டும். ஒரு பொருளில் உள்ள மிகப் புதிய கூறே அதன் இன்றைய வடிவத்தின் வயதைச் சொல்லும்.

1935இல் ஜெர்மனியில் கட்டாய இராணுவ சேவை மீண்டும் வந்தபின் இவை ஏராளமாக விற்பனையாயின. ஆகவே, பழமை மட்டுமே அரிய மதிப்பைத் தந்துவிடாது.

எச்சரிக்கை

"எனது பணிக்காலத்தின் நினைவாக" என்னும் பொருள்படும் ஜெர்மன் தொடர் அலகில் பொறிக்கப்பட்டிருந்தால் விலை உயரும். போலிப் பொறிப்பு தோன்றும் இடமும் அதுவே. அலகின் பழைய கீறல் எழுத்தின் குறுக்கே தொடர்ந்து ஓடுகிறதா எனப் பூதக்கண்ணாடியால் நோக்குக. எழுத்தின் விளிம்பில் கீறல் அறுந்து நின்றால், பொறிப்பு பிந்தியதாகலாம்.

நம் நாட்டின் ஆயுத விதிகள் பயனெட்டைப் பெயர் குறிப்பிட்டே பட்டியலில் சேர்த்துள்ளன. ஆதலால், உரிமம் தேவையா என்பதை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டறிந்த பின்னரே பணம் செலுத்துக.

விற்பவரின் சொல்லுக்கன்று, பொருள் காட்டும் சான்றுக்கே விலை கொடுப்போம்.