லாபிஸ் செம்பனையும் தங்கத்தின் அணு நிரையும்

ஜொகூரில் சிகாமட்டிலிருந்து தெற்கே வரும் ரயில் லாபிஸை நெருங்கும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். செம்பனைக் காடு முதலில் ஒரே பச்சைச் சுவராக ஓடிவரும். சட்டென்று அந்தச் சுவர் பிளந்து, உள்ளே கடைசிவரை நேராகப் போகும் ஒரு சந்து தெரியும். மறுகணமே மூடிக்கொள்ளும். கொஞ்ச தூரம் போனால் இன்னொரு சந்து, இது முன்னதைவிட ஒடுக்கம். மரங்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. மாறுவது பார்க்கும் கோணம் மட்டும். சில கோணங்களில் அகலச் சந்து, சிலவற்றில் குறுகல் சந்து, மற்றபடி பச்சைச் சுவர்.

ஒரு பொழுது இந்தக் காட்சியைக் கவனித்துப் பார்த்தவருக்கு, உலோகங்களுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அறிவியல் கண்டுபிடித்த கதை பாதி புரிந்துவிட்டது.

செம்பனையைச் சதுரமாக நடுவதில்லை, முக்கோணமாக நடுவார்கள். ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 9 மீட்டர், ஒவ்வொரு மரத்தையும் சுற்றி ஒரே தூரத்தில் 6 மரம். ஹெக்டருக்கு ஏறத்தாழ 140 மரம் இப்படித்தான் கொள்ளும். எல்லா மரத்துக்கும் வெயில் ஒரேமாதிரி கிடைக்க வேண்டும், இடமும் வீணாகக் கூடாது என்றால் இதைவிட நல்ல கணக்கு கிடையாது. அதே ரயிலில் போகிறவரின் கழுத்துச் சங்கிலியிலும் இதே கணக்குதான். தங்க அணுக்களின் ஒரு தளத்தை மேலிருந்து பார்க்க முடிந்தால் முக்கோண நடவு தெரியும். இடைவெளி மட்டும் 2.88 ஆங்ஸ்ட்ராம். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரைக் கோடிக் கூறாக்கியதில் ஒரு கூறு. செம்பனைத் தோட்டத்தை 30 பில்லியன் மடங்கு சுருக்கினால் தங்கத்தின் ஒரு தளம்!

அடுத்த தளம் எங்கே உட்காரும்? தீபாவளிக்கு முன்னால் பலகாரக் கடையில் லட்டு அடுக்குவதைப் பார்த்தால் தெரியும். கீழ்த் தட்டில் மூன்று லட்டு சேரும் குழியில்தான் மேல் லட்டு உட்காரும். இப்படி அடுக்கினால் மொத்த இடத்தில் 74 விழுக்காடு நிரம்பும். உருண்டைகளை இதைவிட நெருக்கமாக அடுக்கவே முடியாது என்று 1611-இல் கெப்ளர் ஊகித்தார். தாமஸ் ஹேல்ஸ் என்ற கணிதர் அதற்கு நிரூபணம் தந்தது 1998-இல். லட்டு அடுக்குபவர் அதுவரை காத்திருக்கவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மூன்றாவது தட்டை இரண்டு விதமாக வைக்கலாம். முதல் தட்டுக்கு நேர் மேலே வைத்தால் ஒரு அடுக்கு. துத்தநாகமும் மெக்னீசியமும் அப்படி. நேர் மேலே வராமல் இன்னொரு குழியைத் தேர்ந்தால் வேறு அடுக்கு. அதைப் பாடநூல்கள் ‘முகப்பு மையக் கனச்சதுரம்’ என்கின்றன. தங்கம், வெள்ளி, செம்பு, அலுமினியம் எல்லாம் இந்த வகை. இதில் நெருங்கிய தளங்கள் நான்கு திசைகளில் அமைகின்றன. தட்டினால் ஏதாவது ஒரு தளம் வழுக்கிக்கொடுக்கும். தங்கம் உடையாமல் தகடாவதற்கும், கம்பியாக இழுபடுவதற்கும் அடிப்படைக் காரணம் இதுதான்.

சரி, யார் போய்ப் பார்த்தார்கள்? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 4,000 முதல் 7,000 ஆங்ஸ்ட்ராம் வரை. இந்த ஒளியை வைத்து 3 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியைப் பார்ப்பது, கடப்பாரையை வைத்து ஊசிக் காதில் நூல் கோக்கிற கதை. எக்ஸ் கதிரின் அலைநீளமோ அணு இடைவெளி அளவுக்கே சிறியது. 1912-இல் மியூனிக் நகரில் மாக்ஸ் வான் லாவே இதை யோசித்தார். ஃபிரிட்ரிஷ், நிப்பிங் என்ற இருவர் அதைச் செய்துபார்த்தார்கள். அவர்கள் முதலில் எடுத்த படிகம் நம் நாட்டு மருந்துக் கடைக்காரருக்கும் பழக்கமான மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட். கதிரை அதன் வழியே செலுத்தியபோது புகைப்படத் தட்டில் புள்ளிகள் விழுந்தன. அலைகள் ஒழுங்கான இடைவெளிகளைக் கடக்கும்போது சில திசைகளில் கூடி, மற்ற திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இந்தச் செயலுக்கு ‘விளிம்பு விளைவு’ என்று பெயர். குறுந்தட்டைச் சாய்த்தால் வானவில் தெரிவதும் இதனால்தான்.

லாவேயின் விளக்கம் கணக்கில் கடினமானது. அதை ரயில் ஜன்னல் காட்சி அளவுக்கு எளிமையாக்கியவர் லாரன்ஸ் பிராக். அப்போது கேம்பிரிட்ஜில் 22 வயது மாணவர். படிகத்தை அணுக்களின் கூட்டமாகப் பார்க்காமல், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தளங்களாகப் பாருங்கள் என்றார் அவர். ஒவ்வொரு தளமும் கதிரில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டாம் தளத்தில் பட்டுத் திரும்பும் அலை சற்று அதிக தூரம் நடக்க வேண்டும். அந்த அதிக நடை சரியாக ஒரு அலைநீளம், அல்லது இரண்டு, மூன்று என்று முழு எண்ணாக வந்தால் எல்லா அலைகளும் கைகோத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அழிந்துபோகும். கோணம் தெரிந்தால் தளங்களின் இடைவெளி தெரிந்துவிடும். அகலச் சந்து, குறுகல் சந்து எல்லாவற்றையும் அளந்துவிட்டால் தோட்டத்தின் நடவு முறையையே வரைந்துவிடலாம். 1915-இல் தந்தை வில்லியம் பிராக்குடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது மகனுக்கு வயது 25.

இன்றைய ஆய்வகத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது? தங்கத் தூளை ஒரு சிறு குழித்தட்டில் நிரப்பி, மேற்பரப்பைக் கண்ணாடிச் சில்லால் சமன் செய்வார்கள். செம்பிலிருந்து வரும் எக்ஸ் கதிர் (அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம்) ஒரு பக்கத்திலிருந்து விழும். உணர்கருவி மறுபக்கம் வில்போல மெதுவாக நகரும். கணினித் திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டே வரும். 38.2 டிகிரி வந்ததும் பனைமரம்போல ஒரே தூக்காகத் தூக்கும், உடனே இறங்கும். 44 டிகிரியைத் தாண்டி இன்னொன்று, பிறகு 64-க்கு மேல் ஒன்று. இந்தக் கோணங்களில் பாதியின் சைன் மதிப்பை அதனாலேயே பெருக்கி விகிதம் போட்டால் 3, 4, 8, 11, 12 என்று வரும். அப்படி வந்தால் முகப்பு மையம். 2, 4, 6, 8 என்று சீராக ஏறினால் வேறு குடும்பம். கைரேகைபோல, ஒரு அமைப்பின் எண் வரிசை இன்னொன்றுக்கு வராது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நகைக்கடையில் சங்கிலியை ஒரு பெட்டிக்குள் வைத்து “916 இருக்கிறதா” என்று பார்க்கும் கருவியும் எக்ஸ் கதிரில்தான் வேலை செய்கிறது. ஆனால் அது சொல்வது எந்த உலோகம் எத்தனை விழுக்காடு என்பதை. அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. தங்கத்தின் கனச்சதுரப் பக்கம் 4.08 ஆங்ஸ்ட்ராம், வெள்ளியின் பக்கம் 4.09. விளிம்பு விளைவுக் கருவியின் கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். கடைக்காரர் அந்தக் கருவியை நம்பினால் ஏமாந்துபோவார்.

லாரன்ஸ் பிராக் முதலில் அணு அமைப்பைக் கண்டறிந்த உலோகம் செம்பு, 1914-இல். எல்லாரும் எதிர்பார்த்த இரும்பு அப்போது கைக்கு எட்டவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்துக்கு உரையாற்ற வந்த தந்தை பிராக்கிடம் ஆல்பர்ட் ஹல் என்பவர் இரும்பின் அமைப்பு தெரிந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று பதில் வந்தது. அதையே சவாலாக எடுத்துக்கொண்ட ஹல், பெரிய படிகம் தேடி அலையாமல் இரும்புத் தூளையே கதிரில் வைத்து 1917-இல் விடையை வெளியிட்டார். அதே தூள் முறையை ஐரோப்பாவில் டெபையும் ஷெரரும் தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். போர்க்காலம், ஒருவர் செய்தி மற்றவருக்குப் போகவில்லை.

விடை ஆச்சரியமானது. இரும்பு நெருங்கி அடுக்கப்பட்டதே இல்லை. எட்டு மூலையில் எட்டு அணு, நட்டநடுவில் ஒன்று. ‘பொருள் மையக் கனச்சதுரம்’. நிரம்பும் இடம் 68 விழுக்காடுதான். சூடேற்றினால் 912 டிகிரி செல்சியசில் இரும்பு மனம் மாறித் தங்கத்தைப்போல நெருங்கிய அடுக்குக்குப் போய்விடும். சுவீடனின் ஆர்னே வெஸ்ட்கிரன் 1920-களின் தொடக்கத்தில் கம்பியைச் சூடேற்றியபடியே கதிரைச் செலுத்தி இதைக் காட்டினார்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்திக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. அதன் கூர் மழுங்கினால் பட்டை கிழியும், மரம் காயப்படும். கொல்லர் எஃகைச் செக்கச்செவேல் என்று காய்ச்சும்போது இரும்பு நெருங்கிய அடுக்குக்கு மாறுகிறது. மொத்த இடம் குறைந்தாலும், அணுக்களுக்கு இடையே உள்ள குழிகள் ஒவ்வொன்றும் பெரிதாகின்றன. கார்பன் அணுக்கள் அதில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அந்த நேரம் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கித் துவைச்சல் கொடுத்தால், இரும்பு பழைய அமைப்புக்குத் திரும்பப் பார்க்கும், ஆனால் கார்பன் வெளியேற அவகாசம் இருக்காது. கனச்சதுரம் ஒரு பக்கமாக நீண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த முறுக்குதான் கூர். ஃபிங்க், கேம்பெல் என்ற இருவர் 1926-இல் எக்ஸ் கதிர்க் கோடுகள் இரண்டாகப் பிரிந்திருப்பதை வைத்து இந்த நீட்சியைப் படித்தார்கள்.

பொற்கொல்லர் பட்டறையில் கதை தலைகீழ். செம்பு அதிகம் கலந்த 18 காரட் சிவப்புத் தங்கத்தைக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டால் அது விறைத்து, வளைக்கும்போது வெடிக்கும். தண்ணீரில் போட்டால் மென்மையாக இருக்கும்! சூட்டில் தங்கமும் செம்பும் இடம் பார்க்காமல் கலந்து உட்காரும். மெல்ல ஆறினால் ஒரு தளம் தங்கம், ஒரு தளம் செம்பு என்று வரிசை கட்டிக்கொள்ளும். முன்பு இல்லாத புதுக் கோடுகள் திரையில் முளைப்பதைக் கண்டு 1925-இல் யோஹான்சன், லிண்டே என்ற சுவீடன்காரர்கள் இதை உறுதிசெய்தார்கள்.

படிகத்தைக் கருவி இல்லாமல் வெறுங்கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர் பழைய லயத்துக் கூரைத் தகரத்தைப் பார்க்கலாம். அதில் பனிப்பூப்போலப் பளபளக்கும் ஒவ்வொரு திட்டும் துத்தநாகத்தின் ஒரே படிகம். பக்கத்துத் திட்டில் தளங்கள் வேறு பக்கம் சாய்ந்திருப்பதால்தான் ஒன்று வெளுப்பாகவும் இன்னொன்று கருப்பாகவும் தெரிகிறது. அடுக்களையில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இருந்தால் அது இன்னொரு வகை. பெயர் ஈயம் என்றாலும் சொம்பு வெள்ளீயம், பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய அதே உலோகம். அதன் படிகம் நசுக்கிய கனச்சதுரம்போல இருக்கும். 13.2 டிகிரிக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் வைர அமைப்புக்கு மாறி, கால் பங்குக்கு மேல் ஊதி, சாம்பல் பொடியாக உதிரும். லாபிஸில் விடிகாலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம் என்பதால் ரசத்துக்கு அந்தப் பயம் இல்லை. சொம்பை வெறும் அடுப்பில் வைத்து மறந்துவிடுவதுதான் பயம், 232 டிகிரியில் உருகிவிடும்.

ஊர் வழியே போகும் தண்டவாளம் இந்தக் கலையின் இன்னொரு பயனைக் காட்டும். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909-இல் நிறைவடைந்தது, இப்போது மின்மயமான இரட்டைத் தடம். பற்றவைத்து நீளமாக்கிய தண்டவாளம் மதிய வெயிலில் விரிய இடமின்றி உள்ளுக்குள் நெருக்கப்படும். நெருக்கினால் அணுத் தளங்களின் இடைவெளி இம்மியளவு மாறும், கோணமும் கூடவே நகரும். ஆய்வகங்களில் எஃகுக்குள் ஒளிந்திருக்கும் இறுக்கத்தை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். சாதாரண எக்ஸ் கதிர் மேல்தோலைத் தாண்டாது. பல மில்லிமீட்டர் ஆழம் பார்க்க நியூட்ரான் கற்றை வேண்டும்.

உலோகத்தை வைத்துத் தொடங்கிய இந்தக் கருவி கடைசியில் பால்மரத்தின் வாசலுக்கும் வந்தது. ரப்பரை எக்ஸ் கதிரில் வைத்தால் மங்கலான ஒளிவட்டம்தான் கிடைக்கும், ஒழுங்கு எதுவும் இல்லை என்று அர்த்தம். ஜே. ஆர். காட்ஸ் 1925-இல் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார். வட்டத்தின் இடத்தில் பளிச்சென்று புள்ளிகள்! இழுபட்ட ரப்பர் உலோகத்தைப்போலப் படிகமாகியிருந்தது. மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். கிழிசல் தொடங்கும் இடத்தில்தான் இழுவிசை அதிகம், அங்கே படிகம் உருவாகிக் கிழிசலை மறிக்கும். விமானச் சக்கரங்களுக்கு இன்றும் இயற்கை ரப்பர் வேண்டியிருப்பது இதனால்தான்.

பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் சொட்டிய பாலிலிருந்து வந்த ஒரு சாதாரண ரப்பர் வளையத்தை உதட்டோடு ஒட்டிப் பிடித்துச் சட்டென்று நன்றாக இழுத்தால் வெதுவெதுவென்று இருக்கும். நீண்ட மூலக்கூறுகள் நிரைகட்டும்போது வெளிவிடும் சூடு அது. இழுத்தபடியே கொஞ்ச நேரம் ஆறவிட்டுத் தளர்த்தினால் அதே வளையம் உதட்டில் குளிர்ந்து படும். உள்ளே கட்டிய படிகங்கள் அதற்குள் கலைந்திருக்கும்.